மோர்டெகாய் ஜான்சனும் ஒரு மாலை நேரச் சட்டக் கல்லூரியும்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867-இல் தொடங்கப்பட்டது. பெயர் காதில் விழும்போது ஹார்வர்டு என்று தோன்றும். அது வேறு, இது வேறு. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட லட்சக்கணக்கான மக்களுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் உருவான நிறுவனம் ஹோவர்டு. அதற்கு வைத்த பெயர் ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு என்ற வெள்ளை ராணுவ அதிகாரியுடையது. படித்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர்கள். ஆனால் முதல் 59 ஆண்டுகள் அதன் நிரந்தரத் தலைவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்.

அந்த வரிசை 1926-இல் நின்றது. அந்த ஆண்டு ஜூன் மாதம் மோர்டெகாய் வயட் ஜான்சன் என்ற 36 வயது பாப்டிஸ்ட் போதகர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மூர்க் கணக்கில் துணைவேந்தருக்கு நிகரான பதவி. டென்னசி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அடிமையாக இருந்து விடுதலையானவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். மகன் அட்லாண்டாவிலும் சிகாகோவிலும் ராச்செஸ்டரிலும் படித்து, மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் சபை நடத்தி, இடையில் ஹார்வர்டில் இறையியல் முதுகலைப் பட்டமும் வாங்கியிருந்தார். பல்கலைக்கழக நிர்வாகத்தில் முன் அனுபவம் என்று சொல்ல அவரிடம் எதுவும் கிடையாது.

அவர் வந்த நேரமும் அமைதியான நேரம் இல்லை. 1925-இல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியிருந்தார்கள். கட்டாய ராணுவப் பயிற்சிக்கு எதிராகத் தொடங்கிய அந்தப் போராட்டம், எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எங்களில் ஒருவர் தலைவராக வரக்கூடாதா என்ற கேள்வியோடு சேர்ந்துகொண்டது. தத்துவப் பேராசிரியர் அலேன் லாக் உட்படச் சிலர் அதே ஆண்டில் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். ஜான்சன் பொறுப்பேற்ற பிறகு, 1928-இல் லாக் திரும்ப அழைக்கப்பட்டார்.

ஜான்சன் 34 ஆண்டுகள் பதவியில் இருந்தார். கட்டடங்கள் எழுந்தன, நூலகம் வளர்ந்தது. ரால்ஃப் பன்ச், ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், சார்ல்ஸ் டுரூ, ஸ்டெர்லிங் பிரவுன் போன்ற பெயர்பெற்ற கறுப்பின அறிஞர்கள் ஒரே வளாகத்தில் பாடம் நடத்தினார்கள். பின்னாளில் டிரினிடாடின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ்கூட அங்கே ஆசிரியராக இருந்தவர்தான். இதற்கெல்லாம் புகழ் மாலை சூட்டலாம், தகும். ஆனாலும் அவர் செய்தவற்றில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால், ஒரு மாலை நேரச் சட்டக் கல்லூரியைப் பகல் கல்லூரியாக மாற்றியதுதான் என்பேன். கேட்க அலுவலக விஷயம் போல இருக்கும். அமெரிக்காவின் பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டப்படி உடைத்த வழக்கறிஞர் படை அந்த மாற்றத்திலிருந்துதான் பிறந்தது.

முதலில் பணம். ஹோவர்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பல ஆண்டுகளாக நிதி கொடுத்துவந்தது. ஆனால் அப்படிக் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால் பட்ஜெட் விவாதத்தின்போது ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து இதற்குச் சட்ட அனுமதி இல்லை என்று ஆட்சேபித்தால் போதும், அந்த ஒதுக்கீடு அடிபட்டுப் போகும். பிரிவினையை உயிராகக் காத்த தென் மாநில உறுப்பினர்கள் நிறைந்த சபை அது. ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர்களின் சம்பளமே அந்தச் சபையின் தயவில் தொங்கியது. மிச்சிகன் மாநில உறுப்பினர் லூயிஸ் கிராம்டன் உறுதியாகத் துணை நிற்க, 1928 டிசம்பரில் ஹோவர்டுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. இதைச் சாதித்துக் காட்டியதற்காகவே கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் 1929-இல் ஜான்சனுக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் அளித்தது. இனி இந்தச் சங்கத்தை ‘தேசிய சங்கம்’ என்றே சொல்கிறேன்.

நிதிக்கு ஒரு நிலைப்பு வந்ததும் அவர் பார்வை சட்டக் கல்லூரி பக்கம் திரும்பியது. அப்போது அது மாலையில் மட்டும் நடந்தது. ஆசிரியர்கள் பகலில் நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ இருந்துவிட்டு வருவார்கள். மாணவர்களும் அரசு வேலையோ சில்லறை வேலையோ பார்த்துவிட்டு, களைப்போடு வந்து உட்காருவார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் ஜான்சனிடம், தங்கள் முன் வரும் மனுக்களைப் பார்த்தாலே எழுதியவர் கறுப்பின வழக்கறிஞர் என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது, தயாரிப்பு போதவில்லை, ஒரு நல்ல முழுநேரச் சட்டக் கல்லூரியை உருவாக்குங்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. சுடும் வார்த்தை. ஜான்சன் கோபப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை, ஆள் தேடினார்.

அவர் கண்டெடுத்தவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். வாஷிங்டன்காரர், 1895-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் பணியாற்றி, சொந்த ராணுவத்துக்குள்ளேயே வெள்ளையரின் அவமதிப்பைப் பட்டவர். அங்கே பட்டதுதான் தன்னைச் சட்டம் படிக்க வைத்தது என்று பின்னாளில் சொன்னார். ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் ஆய்விதழ்க் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர். 1929-இல் அவரை ஜான்சன் சட்டக் கல்லூரியின் துணை முதல்வராக்கினார். கல்லூரியை உண்மையில் நடத்தியவர் ஹூஸ்டன்தான்.

மாலை வகுப்புகளை நிறுத்தும் முடிவு எளிதாக நடந்துவிடவில்லை. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்து முன்னேறிய ஏழைகளுக்கு இருந்த ஒரே வாசலையும் அடைக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது, மறுக்க முடியாது. பகலில் வேலைக்குப் போக வேண்டியவருக்கு முழுநேரக் கல்லூரி எட்டாக்கனிதான். ஆனால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவரை யார் மதிப்பார்கள் என்ற கேள்வியும் நிஜமானது. ஜான்சனும் ஹூஸ்டனும் பின்வாங்கவில்லை. 1931-இல் அங்கீகாரம் கிடைத்தது.

ஹூஸ்டனின் வகுப்பு பற்றி அங்கே படித்தவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் அவருடைய கண்டிப்பைப் பற்றியதுதான். மதிப்பெண்ணில் தயவு தாட்சண்யம் கிடையாது. நீதிமன்றம், சிறை, காவல் நிலையம் என்று மாணவர்களை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். வழக்கறிஞர் என்றால் ஒன்று சமூகத்தைச் செதுக்கும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லையேல் அவர் சமூகத்தின் மேல் வாழும் ஒட்டுண்ணி என்பது அவருடைய புகழ்பெற்ற கூற்று. 1930-இல் பால்டிமோரிலிருந்து ஓர் இளைஞர் அந்த வகுப்பில் சேர்ந்தார். தினமும் ரயிலில் வாஷிங்டன் வந்து போவார். கட்டணத்துக்காக அவருடைய அம்மா தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது, ஆனால் அங்கே கறுப்பினத்தவருக்கு இடம் கிடையாது. அந்த இளைஞர் தர்குட் மார்ஷல். 1933-இல் முதல் மாணவராகத் தேறினார்.

இரண்டே ஆண்டுகளில் கணக்குத் தீர்க்கும் நேரம் வந்தது. 1935-இல் டொனால்ட் மரே என்ற பட்டதாரி அதே மேரிலாந்துச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு மறுக்கப்பட்டார். அவருக்காக ஹூஸ்டனும் மார்ஷலும் ஒன்றாக வாதாடினார்கள். பால்டிமோர் நீதிபதி உடனே சேர்க்கச் சொல்லி ஆணையிட்டார், 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மார்ஷல் நுழைய முடியாத கல்லூரிக்குள் மார்ஷலின் வாதத்தால் இன்னொருவர் நுழைந்தார்.

அதற்குள் ஹூஸ்டன் ஹோவர்டை விட்டு, தேசிய சங்கத்தின் முழுநேரச் சட்ட ஆலோசகராகப் போயிருந்தார். அங்கே அவர் வகுத்த உத்தியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பிரிவினையின் கொடுமை அதிகமாகத் தெரிந்தது குழந்தைகளின் ஆரம்பப் பள்ளிகளில். அப்படியிருக்க, அவர் ஏன் பட்டமேற்படிப்பையும் சட்டக் கல்லூரியையும் முதலில் குறிவைத்தார்?

1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தனித்தனியாக, ஆனால் சமமாக’ என்ற கோட்பாட்டுக்கு, அதாவது வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்பதற்கு, முத்திரை குத்தியிருந்தது. அதை நேரே தாக்கித் தோற்றால் இன்னும் ஒரு தலைமுறை எழுந்திருக்க முடியாது. எனவே ‘சமமாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார் ஹூஸ்டன். ஆரம்பப் பள்ளி என்றால் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஏதோ ஒரு கொட்டகை இருந்தது. சட்டக் கல்லூரி என்று பார்த்தால் தென் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லை. சமம் என்று வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட வழியில்லை. தனியாகக் கட்டித் தருகிறோம் என்றால், பத்துப் பேருக்காக ஒரு முழுக் கல்லூரி கட்டும் செலவு மாநில கஜானாவைக் கடிக்கும். வயது வந்த மாணவர்கள் சிலர் உள்ளே வருவது, குழந்தைகள் கலந்து படிப்பதைப் போல வெள்ளைப் பெற்றோரை வெறிகொள்ள வைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பு சொல்லும் நீதிபதி ஒவ்வொருவரும் ஒரு சட்டக் கல்லூரியின் வழியாக வந்தவர். நல்ல சட்டக் கல்லூரி எது, ஒப்புக்கு நடத்தும் கல்லூரி எது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அடுத்தது மிசூரி. லாய்டு கெயின்ஸ் என்ற இளைஞர் மிசூரிப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். அண்டை மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றது மாநிலம். அப்போது பல மாநிலங்கள் இதே வழியைத்தான் பிடித்திருந்தன: பணம் கொடுத்து ஊரைவிட்டு அனுப்புவது. 1938 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வெள்ளை மாணவருக்கு மாநிலத்துக்குள் கிடைப்பது கறுப்பின மாணவருக்கும் மாநிலத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்றது. ஹூஸ்டன் வாதாடிய வழக்கு, பெரிய வெற்றி. ஆனால் கெயின்ஸ் அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படிக்கவில்லை. 1939 மார்ச் மாதம் சிகாகோவில் ஓர் இரவு, தபால்தலை வாங்கி வருகிறேன் என்று வெளியே போனவர் திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. 2006-இல் மிசூரிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்டப் பட்டம் வழங்கியது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வழக்குகள் வேகம் பிடித்தன. ஓக்லஹோமாவில் ஏடா லோயிஸ் சிப்புவெல் என்ற பெண் சட்டம் படிக்க இடம் கேட்டார். 1948 ஜனவரியில் வாதம் முடிந்த சில நாட்களிலேயே, அவருக்கு மாநிலம் சட்டக் கல்வி தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலமோ தலைமைச் செயலகக் கட்டடத்தில் சில அறைகளை ஒதுக்கி, இதோ சட்டக் கல்லூரி என்றது. அவர் அதில் சேர மறுத்தார். 1949-இல் ஒருவழியாகப் பல்கலைக்கழகத்துக்குள் விட்டபோது, வகுப்பின் பின்வரிசைக்கும் பின்னால், நிறத்தவருக்கு என்று அட்டை மாட்டிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜார்ஜ் மெக்லாரினுக்கு நடந்தது இன்னும் கேவலம். வகுப்பறைக்கு வெளியே, ஒட்டிய சிற்றறையில் மேசை போட்டார்கள். அங்கிருந்து எட்டிப் பார்த்துப் பாடம் கேட்க வேண்டும். நூலகத்தில் இடைமாடியில் தனி மேசை. உணவகத்திலும் தனி மேசை, அதுவும் மற்றவர்கள் சாப்பிடாத நேரத்தில். எத்தனையோ மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரை இப்படி உட்கார வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

டெக்சஸில் ஹீமன் ஸ்வெட் என்ற தபால்காரர் 1946-இல் ஆஸ்டின் சட்டக் கல்லூரியில் விண்ணப்பித்தார். மாநிலம் அவசர அவசரமாக ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சில அறைகளைப் பிடித்து அவருக்கென்று ‘கல்லூரி’ திறந்தது. ஸ்வெட் அதன் வாசலை மிதிக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்குள் கறுப்பினத்தவருக்கான வேறொரு பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்சம் முறையான சட்டப் பிரிவு வந்திருந்தது: 5 முழுநேர ஆசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். ஆஸ்டினில் 16 முழுநேர ஆசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள். எண்ணிக்கையே கதையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் 1950 ஜூன் 5-ஆம் தேதி தலைமை நீதிபதி ஃபிரெட் வின்சன் எழுதிய தீர்ப்பு எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அளந்து பார்க்க முடியாத சில தன்மைகள்தான் ஒரு சட்டக் கல்லூரியைப் பெரிய கல்லூரியாக்குகின்றன என்றது. ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, கல்லூரியின் மரபு, சமூகத்தில் அதற்கிருக்கும் மதிப்பு. மாநில மக்களில் 85 சதவீதம் பேரை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் கல்லூரியில் படித்தவர், நாளை எந்த நீதிபதிகள், சாட்சிகள், ஜூரிகள் நடுவில் தொழில் செய்யப் போகிறார் என்றும் கேட்டது. அதே நாளில் வந்த மெக்லாரின் தீர்ப்பு, சக மாணவர்களோடு விவாதித்துக் கருத்தைப் பரிமாறிக்கொள்ளும் வாய்ப்பும் கல்வியின் பகுதிதான் என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகு ‘தனித்தனியாக, ஆனால் சமமாக’ என்பது உள்ளுக்குள் உளுத்துப்போன மரம். அளக்க முடியாதவற்றையும் சமமாகத் தர வேண்டும் என்றால், தனியாக வைத்துக்கொண்டு அதை எப்படித் தர முடியும்? 1954 மே 17-ஆம் தேதி பிரவுன் வழக்கின் தீர்ப்பு பொதுப் பள்ளிகளில் பிரிவினையைச் செல்லாது என்று அறிவித்தபோது இந்த இரண்டையும் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டது. ஹூஸ்டன் இவற்றில் எதையும் பார்க்கவில்லை. 1950 ஏப்ரல் 22-ஆம் தேதி, 54 வயதில், இதய நோயால் இறந்துபோனார். ஸ்வெட் தீர்ப்பு வர ஆறு வாரம்தான் இருந்தது.

பிரவுன் வழக்குக்கு வாதாடப் போகும் முன் மார்ஷலும் அவருடைய குழுவும் ஒத்திகை பார்த்த இடம் ஹோவர்டு சட்டக் கல்லூரி. ஆசிரியர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். குழுவில் இருந்த ராபர்ட் கார்ட்டர், ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் மூவரும் அங்கே படித்தவர்கள். வாஷிங்டன் பள்ளிகளுக்கான துணை வழக்கில் வாதாடிய ஜேம்ஸ் நாப்ரிட் அங்கே ஆசிரியர். குடிமை உரிமைச் சட்டத்தை ஒரு தனிப் பாடமாக 1938-லேயே நடத்தத் தொடங்கியவர். 1960-இல் ஜான்சன் ஓய்வு பெற்றபோது தலைவர் பதவிக்கு வந்ததும் அவரே.

ஜான்சனின் வளாகத்துக்கு இந்தியாவோடும் நிஜமான தொடர்பு இருந்தது. அவர் அழைத்துவந்த இறையியலாளர் ஹோவர்டு தர்மன் 1935-36-இல் இலங்கை, இந்தியா, பர்மா என்று பயணம் செய்தார். கொழும்பில் சட்ட மாணவர்களிடையே பேசி முடித்ததும், உங்களை அடிமையாக்கியவர்களின் மதத்தை நீங்கள் எப்படிச் சுமக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. சமயப் பள்ளியின் தலைவராக இருந்த பெஞ்சமின் மேஸ் 1936 கடைசியில் காந்தியைச் சந்தித்தார். மைசூர் பக்கம் தீண்டாமைக்கு உள்ளான பிள்ளைகளின் பள்ளியில், உங்களைப் போலவே தீண்டாமையைச் சுமந்து உயர்ந்தவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தியபோது முதலில் திடுக்கிட்டார். யோசித்துப் பார்த்ததும் அது உண்மை என்று பட்டது. ஜான்சனும் இந்தியா போய்வந்து, பிலடெல்பியாவில் காந்தியைப் பற்றி உரையாற்றினார். கேட்க வந்தவர்களில் ஓர் இளம் இறையியல் மாணவர், உரை முடிந்ததும் போய்க் காந்தியைப் பற்றி அரை டஜன் புத்தகங்கள் வாங்கினார். அவர் மார்ட்டின் லூதர் கிங்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஜான்சன் தன் கையில் அதிகாரத்தைக் குவித்துக்கொண்ட மனிதர். உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் ஜஸ்ட் அவரோடு ஆண்டுக்கணக்கில் மோதினார். மாணவியர் நலனுக்குப் பொறுப்பான லூசி டிக்ஸ் ஸ்லோவை அவர் நடத்திய விதம் நியாயமானதல்ல. நிதியைக் குறைத்தார், விருப்பமில்லாமல் வளாகத்துக்குள் குடிவரச் சொல்லி நெருக்கினார். 1937-இல் இறக்கும்வரை ஸ்லோ பெண்களின் இடத்துக்காகப் போராடிக்கொண்டே இருந்தார். வெளியிலிருந்து ஜான்சனுக்கே கம்யூனிஸ்ட் பட்டம் கட்டிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் உண்டு, அந்த நெருக்கடியில் அவர் ஆசிரியர்களின் பேச்சுரிமையைக் காத்தார். ஆனால் அந்தச் சபையின் பணம் மாணவர்களின் கையையும் சில சமயம் கட்டிப்போட்டது.

பாலி மரே என்ற மாணவி அதை நேரில் கண்டவர். டொனால்ட் மரேக்கு உறவில்லை. 1938 டிசம்பரில், கெயின்ஸ் தீர்ப்பு வந்த அதே வாரம், வட கரோலினாப் பல்கலைக்கழகம் நிறத்தைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பியது. பின்பு ஹோவர்டில் சட்டம் படிக்க வந்தார். வகுப்பில் ஒரே பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்களோ என்று முதல் நாளே ஒரு பேராசிரியர் சொன்னார். 1943-லும் 1944-லும் ஹோவர்டு மாணவர்கள் வாஷிங்டனில் வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் போய் அமைதியாக உட்கார்ந்து போராடியபோது, திட்டம் தீட்டியவர்களில் அவரும் ஒருவர். தென் மாநில மாணவர்களின் புகழ்பெற்ற உள்ளிருப்புப் போராட்டங்களுக்கு 16, 17 ஆண்டுகள் முந்தைய சம்பவம் இது. உணவகங்கள் இறங்கி வந்தன. ஆனால் நிதி ஒதுக்கீடு நாடாளுமன்றத்தில் நிலுவையில் இருந்த நேரம், போராட்டத்தை நிறுத்துங்கள் என்று பல்கலைக்கழக நிர்வாகம் சொல்லிவிட்டது. மாணவர்கள் மனம் வெதும்பி நிறுத்தினார்கள்.

அதே 1944-இல் வகுப்பில் மரே ஒரு யோசனை சொன்னார். ‘சமமாக’ என்ற சொல்லோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது, ‘தனித்தனியாக’ என்பதையே நேராகத் தாக்கினால் என்ன? வகுப்பு சிரித்தது. பிளெஸ்ஸி தீர்ப்பு 25 ஆண்டுக்குள் விழும் என்று ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு 10 டாலர் பந்தயம் கட்டி, தன் வாதத்தையே பருவக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். முதல் மாணவியாகத் தேறினார். வழக்கமாக முதலிடம் பெறுபவர் மேற்படிப்புக்குப் போகும் ஹார்வர்டு, பெண் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. பந்தயத்தின் கெடு 1969. தீர்ப்பு 1954-லேயே விழுந்தது. 1963-இல் ஹோவர்டுக்குப் போன மரே, தன் பழைய கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று ராபின்சனிடம் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, பிரவுன் வழக்குக்குத் தயாரானபோது ராபின்சன் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, குழுவினரின் மேசை மீது வைத்திருந்தார் என்று.